எட்டு நிமிடச் சுற்றுவழி

இன்னும் கட்டாத சாலைக்கு என்னென்ன சிக்கல் வரலாம் என்று உட்கார்ந்து யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஹூஸ்டனில் அரசும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டாகக் கட்டிய சுங்கச் சாலையில் நடந்தது இது. ரிஸ்க் பட்டியலில் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிப் பிழைக்கும் சக பாவிகளுக்குப் புரியும்.

இரண்டே கட்டங்கள்

மழையால் வேலை நின்றால் யார் பொறுப்பு, மண்ணுக்கடியில் பழைய குழாய் இருந்தால் யார் பொறுப்பு என்று ஒவ்வொரு ரிஸ்க்கையும் அரசு, கம்பெனி என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். குழாய்க்காக மட்டும் வக்கீல்கள் மூன்று நாள் சண்டை போட்டார்கள். சாலையோரக் கடைகளின் வாசல் ஆறு மாதம் அடைபடும் என்ற வரி வந்தது. "ஜனங்க சுத்திக்கிட்டு வந்துடுவாங்க" என்று சொல்லி, கவலையில்லை என்பதற்கான பச்சையைப் பூசினேன். அரசுத் தரப்பு இன்ஜினியர் சுகிர்தா, யாழ்ப்பாணத்துக்காரர், லேப்டாப்பை மூடிக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்தக் கடைக்காரரை எந்தக் கட்டத்திலை போடுறீங்கள்?"

பாய் கேட்ட யோசனை

அந்த வரிசையில்தான் காசிம் பாயின் ஹலால் கறிக்கடை. பத்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவரிடம்தான் ஆட்டுக்கறி வாங்குவேன். லீஸ் முடிகிறது, இங்கேயே இன்னும் ஐந்து வருஷம் போடலாமா, ஊருக்கு வெளியே கேட்டி பக்கம் மாறிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். சுற்றுவழியை நானே ஓட்டிப் பார்த்திருந்தேன். "எட்டு நிமிஷம்தான் பாய் கூட ஆகும். எல்லாரும் சுத்திக்கிட்டு வருவாங்க. ஆறே மாசம். தைரியமா போடுங்க" என்றேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சிரித்தார். "ரோடு போடற ஆளே சொல்லிட்டீங்க சார், வேற யாரைக் கேக்கப் போறேன்?"

குழாய்

தோண்டியதும் குழாய் வந்தது. ஆறு மாதம் பதினாறு மாதமானது. கம்பெனிக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது, அரசுக்கு விளக்கக் கடிதம் கிடைத்தது. எல்லாம் நான் எழுதிக்கொடுத்தபடியே.

கடை வாசல் அடைபட்டதும் முதல் இரண்டு சனிக்கிழமை நான் சுற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் மழை. அதற்கடுத்த வாரம் ஏன் போகவில்லை என்று எவ்வளவு யோசித்தாலும் ஒரு காரணமும் அகப்படவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கப் பழகிவிட்டேன். அந்தச் சுற்றுவழிக்கு மேப் போட்டுக்கொடுத்த ரமேஷிடம் இதைச் சொன்னேன். அவன் சொன்னான்: "அந்த டீடூர்ல யாரு சார் போவா? நானே வேற எக்ஸிட் எடுத்துட்டிருக்கேன்."

மூடிய அன்று

வாசல் திறக்க இரண்டு மாதமே இருந்தது. பாய் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். லீஸ் இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் பாக்கி. ஃப்ரீஸர்களை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். குழாய், தாமதம், ஒப்பந்தம் என்று என் வாயில் ஏதேதோ வந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் விடுங்க சார். எல்லாரும் சுத்திக்கிட்டு வருவாங்கன்னு சொன்னீங்க. நீங்களே வரலையே."

சாலை திறந்தாயிற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லாததால், எங்கள் தொழிலில் இதற்கு வெற்றி என்று பெயர்.