உழாமல் விதைத்த வருடம்

சந்தாபுராவைத் தாண்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மேல்பாதி என் கணவரின் அண்ணனுக்கு, கீழ்ப்பாதி எங்களுக்கு. தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர் ரோட்டின் இரண்டு பக்கமும் வயல்களெல்லாம் வீட்டுமனைகளாக, 'சைட்டாக' மாறிக்கொண்டிருந்தன. அண்ணனுக்கு முதுகுவலி. நாலு நாள் ஏர் பிடித்தால் அடுத்த நாலு நாள் எழுந்திருக்க மாட்டார். விற்றுவிடலாம் என்றார். வாங்க வந்தவரோ இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் வேண்டும் என்றார். என் கணவர் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஏதோ விவசாயக் கூட்டத்துக்குப் போய்வந்த என் கணவர், நிலத்தை உழவே வேண்டாம், போன பயிரின் தாளுக்கு நடுவே விதையை நேராக இறக்கினால் போதும் என்று ஆரம்பித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உழாமல் விதைப்பது, பாத்திரம் கழுவாமல் சமைப்பது மாதிரி இருந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "டேய், நான் எப்பவும் போல உழுதே போடறேன். நீ உழாம போடு. உனக்கு வெளைஞ்சிட்டா நானும் விக்கல, என் முதுகு தப்பிச்சுது. வெளையலன்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்."

என் கணவர் யோசிக்காமல் தலையாட்டினார்.

ராகி விதைக்க எங்கள் பக்கம் கூரிகை என்று ஒரு கருவி உண்டு. மாடுகள் இழுக்க, பின்னால் ஒருத்தி நடந்துகொண்டே அதன் வாயில் விதையைப் போட வேண்டும். அது மூங்கில் குழாய் வழியே மண்ணுக்குள் போகும். உழாத மண்ணில் அது இறங்கவே மாட்டேனென்று துள்ளியது. கணவர் வீட்டுக்கு ஓடி, என் அம்மிக்கல்லைத் தூக்கிவந்து பாரத்துக்கு அதன்மேல் கட்டினார்.

"அப்போ கொழம்புக்கு எதுல அரைக்கிறது?" என்றேன்.

"இன்னிக்கு ரசம் வெச்சுடு. விதைய ஒழுங்கா போடு."

முளைத்தது. ஆனால் முளைத்தது என்ன என்றுதான் தெரியவில்லை. ராகி நாற்றும் களைப்புல்லும் சின்னதில் அக்கா தங்கை மாதிரி இருக்கும். உழுத நிலத்தில் வரிசையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே பழைய தாள், புதுப் புல், ராகி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பிடுங்கக் குனிந்து, ராகியாக இருந்துவிட்டால் என்று விட்டுவிட்டு நிமிர்வேன். வழியில் போகிறவர்கள் ஸ்கூட்டரை நிறுத்தி, "சைட்டு எப்ப போடறீங்க?" என்று விசாரித்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன்.

ஒருநாள் காலையில் போனால், எங்கள் பாதியில் மாடுகள் நிற்கின்றன. பின்தெருப் பெண் சாவகாசமாக வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மழைக்குப் பிறகும் ஏர் படாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் மாடு மேய்க்கலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். நானும் மேய்த்திருக்கிறேன். கத்திக்கொண்டு ஓடிய என்னிடம் அவள் திகைத்துப்போய்க் கேட்டாள்: "உழவே இல்லியேக்கா, வித்துட்டீங்கன்னு நெனச்சேன். இது ராகியா?"

குனிந்து பார்த்தேன். சத்தியமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் மழை நின்றுபோனது. உழுத மேல்பாதி வெடித்து, பயிர் வாடியது. எங்கள் பாதியில் மாடு வாய் வைக்காத முள்வேலி ஓரம் மட்டும் தாளுக்கடியில் ஈரம் காயாமல், பயிர் பச்சைப்பசேலென்று நின்று கதிர் வாங்கியது. மற்ற இடமெல்லாம் மேய்ந்ததும் களையும்தான்.

அறுப்பு முடிந்து எல்லோரும் வரப்பில் நின்றோம். மாடு தின்றதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார் கணவர். பார்க்கத் தரிசு மாதிரி இருந்தால் மாடு வரத்தானே செய்யும் என்றாள் என் ஓரகத்தி. இரண்டுமே சரியாகத்தான் பட்டது எனக்கு. அதனால் இருவர் மேலும் கோபம் வந்தது. அண்ணன் வேலி ஓரத்துக்குப் போய் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கையெழுத்துதான் என்று நினைத்து அழுதேன்.

அடுத்த விதைப்பு வரைக்கும் அவர் விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. ஒரு காலையில் ஏர் பூட்டிக்கொண்டு எங்கள் பாதிக்குள் இறங்கினார். நான் பதறிப்போனேன்.

"மாமா, இங்க உழ வேணாம்!"

"உழலம்மா. ஓரத்துல சுத்தி ஒரு கோடு போடறேன். ஏர் பட்டிருந்தாத்தான் மாட்ட ஓட்ட மாட்டாங்க, சைட்டான்னும் கேக்க மாட்டாங்க."

உழாத நிலத்தைக் காப்பாற்ற ஏர்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். நடு வரப்பு வந்ததும் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. கலப்பையைத் தூக்கி வரப்பைத் தாண்டி, தன் பாதியையும் சுற்றி அதே ஒற்றைக் கோட்டை இழுத்துக்கொண்டு வந்து, மாடுகளை நிறுத்தினார்.

உழுததா உழாததா, எது ஜெயித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நான் கேட்டது இதுதான்:

"உங்க பாதிய எப்ப உழுவீங்க மாமா?"

முதுகைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "போய் அந்த அம்மிக்கல்ல எடுத்துட்டு வாம்மா."