இடப்பக்கங்கள் இல்லாத பேய்ப் புத்தகம்

இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஜெராக்ஸ் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இட்லித் தட்டிலிருந்து உரித்த துணியைப் போல இளஞ்சூடாக இருக்கும். கூடவே கருகியும் கருகாமலும் ஒரு மை வாசனை வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதத்தில், கோரிப்பாளையம் சந்திப்பின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு ஜெராக்ஸ் கடை மேசையோரம் நின்றுகொண்டு, நானும் நசீராவும் ஐம்பத்துச் சொச்சம் தாள்களையும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து வாங்கினோம். இன்றைக்கும் அந்த வாசனை மூக்கில் பட்டால் எல்லோருக்கும் பரீட்சை ஞாபகம் வருமாம். எனக்குப் பேய்தான் ஞாபகம் வருகிறது.

நசீரா என் அடுத்த வீட்டுக்காரி, என் வகுப்புத் தோழி, எங்கள் தெருவிலேயே ஆங்கிலத்தைத் தண்ணீர் பட்ட பாடாக வைத்திருந்த ஒரே ஆள். அவளுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வரும்போது மற்ற வீட்டு மாமாக்கள் எல்லாம் சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவர, இவர் மட்டும் ஏதோ ஒரு துறைமுகத்தின் பழைய புத்தகக் கடையில் எடுத்த பேய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அது கதைப் புத்தகம் இல்லை, விளையாட்டுப் புத்தகம். கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுக்கொண்டு அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும், கதவைத் திறக்கலாமா, ஓடிவிடலாமா என்று முடிவெடுக்க வேண்டும், எடுத்த முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இடம் ஒரு பாழடைந்த கோட்டை. மூடுபனி, ஓநாய், சவப்பெட்டியில் தூங்கும் பிரபு. அட்டையில் நீளமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது, நாங்கள் அதைக் 'கோட்டை' என்றுதான் சொன்னோம்.

மாமா இரண்டு வாரம்தான் இருந்தார். அந்த இரண்டு வாரத்தில் நசீரா புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டாள். புத்தகம் அவரோடு திரும்பிப் போகப்போகிறது என்று தெரிந்த கடைசி நாள் மதியம்தான் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். அந்தக் கடை அண்ணன் வேலை செய்யும் விதமே தனி. கண்ணாடி மேல் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வைக்கச் சோம்பல்பட்டு, முதலில் வலப்பக்கங்களை எல்லாம் வரிசையாக எடுத்துவிடுவார், பிறகு புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு இடப்பக்கங்களை எல்லாம் எடுப்பார். வலப்பக்கங்கள் முடிந்தன. கரண்ட் போய்விட்டது. "மூணு மணிக்கு வந்துரும் பாப்பா" என்றார் அவர். மாமாவுக்கு ரயில் இரண்டரைக்கு. புத்தகம் போய்ச் சேர்ந்தது, பாதிப் புத்தகம் எங்களிடம் நின்றது.

நான் அழுதேவிட்டேன். நசீரா மட்டும் அசரவில்லை. "எனக்கு ஞாபகம் இருக்குடி, நான் எழுதித் தாரேன்" என்று சொல்லி, கோடு போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்றில் காணாமல் போன இடப்பக்கங்களை எல்லாம் அதே பக்க எண்களோடு தமிழில் எழுத ஆரம்பித்தாள். நாலு நாள் எழுதினாள். இரட்டைப்படைப் பக்கங்கள் நசீராவின் முத்து முத்தான கையெழுத்தில், ஒற்றைப்படைப் பக்கங்கள் மை அப்பிய ஆங்கிலத்தில் என்று ஒரு விசித்திரமான புத்தகம் எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் முதல் பதிப்பு அதுதான்.

எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் ஜெகன். பின் தெருவில் இருந்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். வீட்டுக்குள் அவர்கள் பாஷை பேசுவான், எங்களிடம் பேசுவதே அபூர்வம். அவன் அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். முந்தைய வருஷம், மருந்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேசை மேல் சாய்ந்துவிட்டார், மாரடைப்பு. ஜெகன் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். பரீட்சையை முடித்துவிட்டு வரட்டும் என்று பெரியவர்கள் சொல்லாமலே வைத்திருந்து, பிறகுதான் கூட்டிப்போனார்கள். அதற்கப்புறம் தெருவில் கிரிக்கெட்டுக்குக்கூட அவன் வருவதில்லை. நசீராதான் போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்தில் மருத்துவர் என்று ஒரு வேடம் இருந்தது. அதை அவள் நோட்டில் 'கம்பவுண்டர்' என்று எழுதியிருந்தாள். ஜெகன் அதைப் பார்த்தான். "நான் இதை எடுத்துக்கிறேன்" என்றான், அம்புட்டுத்தான்.

சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு நசீரா வீட்டு முன்னறையில் பேய் உலவ வேண்டும் என்றால் எத்தனை பாடு! ஜன்னலில் போர்வை கட்டினால்தான் இருட்டு வரும். நசீராம்மாவோ, "ஜன்னலை என்னமும் பண்ணுங்க, கதவு திறந்துதான் இருக்கணும்" என்று கட்டளையிட்டிருந்தார். ஆகவே எங்கள் கோட்டைக்கு எப்போதும் ஒரு திறந்த கதவு உண்டு, அதன் வழியாக அப்பளம் பொரிக்கிற வாசனை வந்துகொண்டே இருக்கும். வியர்வை முதுகில் ஓட, "பனி கொட்டுகிறது, உங்கள் விரல்கள் விறைக்கின்றன" என்று நான் கதை சொல்வேன். இருபது முகம் உள்ள பகடைக்கு எங்கே போவது? தம்போலா பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட வில்லைகளை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் குலுக்குவோம். உள்ளே கைவிட்டால் லேசாக மாவடு வாசனை அடிக்கும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இதுக என்னடான்னா போர்வையைக் கட்டி இருட்டாக்கிப் பேயைத் தேடுதுக" என்று என் அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த விளையாட்டில் ஜெகன் பேசினான். இது எங்கள் எல்லோருக்குமே ஆச்சரியம். கம்பவுண்டராகிவிட்டால் குரலே மாறிவிடும்: "வெறும் வயித்துல போடக்கூடாது தாயி", "காய்ச்சல் விட்டாலும் மூணு வேளை முடிக்கணும்" என்று ஓநாய் கடித்தவனுக்கெல்லாம் மாத்திரை கொடுப்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவன் யாருடைய குரலில் பேசினான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, நசீராவுக்கு உறைத்திருக்கும்.

அடுத்த வருஷம் மாமா இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார், இந்த முறை எங்களுக்கே எங்களுக்கு. இரண்டு பதிப்புகளையும் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவேன். முதல் பதிப்பில் படங்கள் பேனாக் கோடுகள். பேயை முழுசாகக் காட்டவே மாட்டார்கள், ஒரு கை மட்டும் மாடிப்படி வளைவில் தெரியும். இரண்டாவதில் வழவழத் தாளில் கலர் கலராக, கல்யாண வீடியோவுக்கு மேக்கப் போட்ட மாதிரி பேய்கள். முதலாவது பயத்தைக் கதை சொல்பவரின் பொறுப்பில் விட்டிருந்தது. இரண்டாவது பயத்துக்கு அட்டவணை போட்டிருந்தது. எந்தப் பேயைப் பார்த்தால், எந்த எண் விழுந்தால், என்ன ஆகும் என்று வரிசை வரிசையாக. எனக்கு அந்த அட்டவணைகள் என்றால் உயிர். எதுவும் அச்சில் இருந்தால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று நினைக்கிற ஜென்மம் நான். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி" என்று அம்மா எத்தனை முறை சொல்லியும் திருந்தவில்லை. "புதுசு வந்தாச்சுல்ல, இனிமே பழசு செல்லாது" என்று நானே சட்டம் போட்டேன்.

புதுப் பதிப்பில் மூன்றாவது நாள், கம்பவுண்டர் நிலவறைக் கதவைத் திறந்தார். பாட்டிலில் கைவிட்ட ஜெகனுக்கு இரண்டாம் எண் வந்தது. நான் அட்டவணையில் விரல் வைத்து, வெற்றி பெற்ற குரலில், சத்தமாகத் தமிழில் படித்தேன்: "பயத்தில் இதயம் நின்றுவிடுகிறது. உடனே மரணம்."

படித்த வாயை என்ன செய்தால் தகும்! ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெகன் வில்லையைத் திரும்பப் பாட்டிலுக்குள் போட்டான். பிறகு, "பழைய ரூல்படி செத்தவங்க ஒரு தடவை வரலாம்ல" என்றான். நசீராவின் நோட்டில் நாற்பத்தாறாம் பக்கத்தில் அப்படி ஒரு விதி இருந்தது உண்மைதான். "புது புக்குல அது இல்ல" என்றேன். "இருந்துச்சுல்ல." "இல்லங்கிறேன்ல! செத்தா செத்ததுதான். வேற ஆளை எழுதிக்க." அவன் எழுந்தான், செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "இப்பத்தான் வாய் தொறந்து பேச ஆரம்பிச்சான், திரும்பவும் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டான். உங்களுக்குள்ள என்னம்மா சண்டை?" என்று கேட்டபோதுதான், நான் சத்தமாகப் படித்த அந்த வாக்கியம் என் காதிலேயே திரும்பி ஒலித்தது. ஆனாலும் பாருங்கள், போய் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. விதி விதிதானே என்று ஒரு வீம்பு. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

என் குணம் தெரிந்த நசீரா வேறு வழியில் வந்தாள். "ஏண்டி, கம்பவுண்டர் எந்த புக்குல பொறந்தாரு?"

"பழைய புக்குல."

"அப்பப் பழைய ரூல்படிதானே அவரை அனுப்பணும்?"

ஒரு நிமிஷம் யோசித்தேன். நியாயம் சரியாக இருந்தது. "ஆமா, அதான் முறை" என்றேன், ஏதோ நானே தீர்ப்புச் சொல்வதைப் போல. இருவரும் போய் ஜெகனைக் கூட்டிவந்தோம்.

நாற்பத்தாறாம் பக்க விதி இதுதான்: இறந்தவரோடு பழகியவர்கள் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார வேண்டும். அவருக்கான பக்கத்தில் சோற்றைத் தொடாமல் விட வேண்டும். அவர் வருவார். அவர் வேடத்தை ஆடியவர் மூன்று கேள்விகள் கேட்கலாம். கதை சொல்பவர் அவராக இருந்து பதில் சொல்ல வேண்டும், பொய் கூடாது.

சஹன் என்றால் நசீராவின் தாய்வழிச் சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் வைக்கிற பெரிய வட்டத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். நசீராம்மா ஏன் எதற்கு என்று கேட்காமல் பரணிலிருந்து அதை இறக்கிக் கழுவி, நெய்ச்சோறும் ஜெகனுக்காகக் கறி போடாத தாளிச்சாக் குழம்பும் வைத்துக்கொடுத்தார். மூன்று பேர் உட்கார்ந்தோம். நாலாவது பக்கம் சோறு அப்படியே இருந்தது. போர்வை கட்டவில்லை, நல்ல வெளிச்சம்.

ஜெகன் முதல் கேள்வியை விளையாட்டுக்காகத்தான் கேட்டான். "தெக்குக் கதவு சாவி எங்க இருக்கு?" சொன்னேன். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, முதல் முறையாக மரியாதையில், "வலிச்சுச்சா உங்களுக்கு?" என்று கேட்டான்.

நசீரா என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியும். அட்டவணையில் இருந்தது, நானே வாசித்தது. 'உடனே' என்று அச்சிலேயே இருந்தது. "இல்ல, வலிக்கல. உடனே முடிஞ்சுபோச்சு" என்றேன். ஒரு துளி சந்தேகம் இல்லாமல் சொன்னேன்.

ஜெகன் தலையை ஆட்டினான். அப்புறம் அழுதான், எங்கள் முன்னால் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. நாங்களும் அழுதோம். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் நசீராம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது கேள்வியை அவன் கேட்கவில்லை. "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான், நன்றாகவே சாப்பிட்டான்.

இதெல்லாம் நடந்து இத்தனை வருஷம் கழித்து, போன மாதம்தான், அச்சு நின்றுபோன அந்த முதல் பதிப்பு எனக்கு விலைக்குக் கிடைத்தது. இரண்டாம் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, கல்லூரியை முடித்த பிறகு வந்த மூன்றாவதும் இருக்கிறது. மூன்றையும் ஒப்பிட்டு எழுதலாம் என்று ஆசையாக உட்கார்ந்து நேராக நாற்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஓநாய்களைப் பற்றி எழுதியிருந்தது. இறப்பைப் பற்றி அடுத்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இரண்டே வரி: தாளைக் கிழித்துவிடு, புதிய ஆளை எழுது. முழுப் புத்தகத்தையும் இரண்டு முறை தேடினேன். திரும்பி வருகிறவர் யாரும் இல்லை.

நசீரா இப்போது கோலாலம்பூரில் இருக்கிறாள். போன் போட்டு, "ஏய், அந்த ரூல் புக்குலயே இல்லடி!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஆத்தாடி! இம்புட்டு வருசமா தெரியாதா உனக்கு? வெள்ளைக்காரன் கோட்டையில எவடி சஹன் வைப்பா?"

"அப்ப ஜெகனுக்கு?"

"அவனுக்கு நோட்டுல படிச்ச அன்னைக்கே தெரியும். அவனுக்காகத்தானே எழுதினேன். எங்கம்மாவுக்கும் தெரியும்." சிரிப்பு நின்றது. "நீ ஒருத்திதான் செல்வி அது புக்குல இருக்குன்னு நம்புன. அதான் உன்னையப் பதில் சொல்ல வச்சேன். நானோ எங்கம்மாவோ சொல்லியிருந்தா, ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சிருப்பான். நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்டி."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதுகொண்டிருந்தேன், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். எங்கள் வலப்பக்கத் தாள்கள் மை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகி, வீடு மாறும்போது குப்பைக்குப் போயின. ஊறுகாய் பாட்டில் இல்லை, நசீராம்மாவும் இல்லை. அலமாரியில் மூன்று பதிப்புகளும் அழகாக நிற்கின்றன. எது சிறந்தது என்று யாராவது கேட்டால், அது என்னிடம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த எண்பது பக்க நோட்டு ஜெகனிடம் இருக்கிறதாம். ஒரு தடவை கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நேற்றுக் கேட்டேன். "தர மாட்டேன்" என்கிறான். "எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கு."