நைட்டிக்குப் பாக்கெட் வைத்த எங்கள் அக்கா

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பலர் இதற்குள் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். சாமி படம் வரவேண்டிய இடத்தில் நைட்டி தைப்பதற்கான வெட்டுப்படம் இருக்கிறது. அச்சகத்தார் செய்த தவறு அன்று, நான்தான் போடச் சொன்னேன். "தெவசத்துக்குக் குடுக்கிற பொஸ்தகத்துல நைட்டி படமா? நாலு பேரு சிரிப்பாங்கடா" என்று சித்தப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முருகன் முன்னட்டையில் இருக்கிறார், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்கா அம்மையார்குப்பத்தில் நெசவுக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. நிறுத்தியது அவர் அல்ல. திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட சில ஆண்டுகளிலேயே அவர் கணவர், எங்கள் பாவா, நோயில் காலமானார். இடுப்பில் ஒரு மகளோடு அக்கா மலையடிவாரத்தில் தையல் எந்திரம் போட்டு உட்கார்ந்தார். புருஷனை இழந்தவளுக்குக் கடை எதற்கு என்று கேட்டவர்களும் இன்று பந்தியில் இருக்கிறீர்கள். வயிறாரச் சாப்பிடுங்கள், அந்தக் கடை போட்ட சோறுதான்.

அக்கா தைத்த ஒவ்வொரு நைட்டியிலும் பாக்கெட் இருக்கும். மொத்தமாக வாங்க வந்த ஜவுளிக்கடைக்காரர் முகம் சுளித்தார்.

"வீட்ல கீற பொம்பளைக்குப் பாக்கெட் இன்னாத்துக்குமா? துணி தண்டம்."

"வீட்ல கீறவளுக்குத்தாங்க சாவி, போனு எல்லாம் கைல கீது. ஒரு நாளு நீங்க இத்தப் போட்டுகினு பாத்திரம் தேச்சுப் பாருங்க" என்றார் அக்கா.

அவர் சரக்கெடுக்காமல் போய்விட்டார். அது போதாதென்று, வாங்கிய பெண்ணொருவர் சண்டைக்கு வந்தார். குழாயடியில் குனிந்தபோது அவருடைய போன் பாக்கெட்டிலிருந்து நழுவிக் குடத்துக்குள் விழுந்திருந்தது. அக்கா வாதாடவில்லை. மறுநாள் காலை குடமே இல்லாமல் குழாயடிக்குப் போய் நின்றார். யார் எப்படிக் குனிகிறார்கள், பிள்ளையை எந்த இடுப்பில் வைக்கிறார்கள், எந்தக் கை சும்மா இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த எனக்கு அது பெரிய வெட்கக்கேடாகத் தெரிந்தது. போய்க் கூப்பிட்டேன்.

"அவங்க தப்பாக் குனியலடா. நான்தான் தப்பாத் தெச்சுட்டேன்" என்றார்.

பாக்கெட்டை ஒரு சாண் ஆழமாக்கினார். வாயைச் சாய்த்து வெட்டி, உள்ளே ஒரு மடிப்பு வைத்தார். குனிந்தாலும் உட்கார்ந்தாலும் எதுவும் விழவில்லை. வாயோரத்தில் ஊரிலிருந்து வாங்கிவந்த சேலை பார்டர் துண்டு. அது எதற்கு என்று கேட்டேன். "ஒதவுதுன்னு மட்டும் யாரு போடுவா? பாத்தா ஆசையா இருக்கணும்டா." கே.ஜி.கண்டிகையிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். அந்த ஜவுளிக்கடைக்காரரும் வந்து, பாக்கெட் இல்லாமல் கிடைக்குமா என்று கேட்டார். "ஆங், கெடைக்கும். வேற கடையில" என்றார் அக்கா.

கடைசியில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மார்பில் அறுவை சிகிச்சை செய்த பின் வலக்கை தோளுக்குமேல் எழவில்லை. சித்தியும் அக்காவின் மகளும் சேர்ந்து தலைவழியே நைட்டியை மாட்டியபோது வலி தாங்காமல் அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுநாள் காலை என்னிடம் கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னார். படுத்தபடியே அவர் சொல்லச் சொல்ல, புது நைட்டி ஒன்றைக் கழுத்திலிருந்து தோள்வழியே வெட்டிப் பட்டன் வைத்தேன். ஒற்றைக் கையாலேயே போட்டுக்கொண்டார். பிறகு இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு முறைத்தார்.

"பாக்கெட்ட ஏன்டா வலப்பக்கமே உட்டு வெச்ச? எந்தக் கை வேல செய்யுதோ அந்தக் கைக்குத்தான் பாக்கெட்டு."

பிரித்துத் தைத்தேன். பக்கத்துப் படுக்கைப் பெண்மணிகள் மூவர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். மூன்றாவதைத் தைத்து முடிப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

அவரைத் தூக்கி உட்காரவைத்த செவிலியர்களுக்கும், கூடவே இருந்த சித்திக்கும், கடைசிவரை வந்து வழியனுப்பிய குழாயடிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தைக்கத் தெரிந்தவர்கள் கடைசிப் பக்கத்தைக் கிழித்தெடுத்துக்கொள்ளுங்கள், மலர் பாழாகிவிடுமே என்று பார்க்க வேண்டாம். படத்தில் பாக்கெட் இடப்பக்கம் இருக்கிறது. அதுவும் அச்சகத்தார் தவறு அன்று.

– தம்பி