வாரத்துக்கு மூன்று மீன்

ஆலையில் எல்லோரும் அவரை மீன்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மீன் பிடிக்கவும் தெரியாது, விற்கவும் தெரியாது. சாய ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய மனிதர், அவ்வளவுதான். சுத்தமான தண்ணீர் ஓடைக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதே தண்ணீரை அதில் விட்டு மூன்று மீன்களை வளர்த்தார்கள். யாராவது வந்து கேள்வி கேட்டால், 'மீனே உயிரோடு இருக்கிறது, உங்களுக்கு என்ன?' என்று காட்டுவதற்கு. தொட்டி அவர் பொறுப்பு. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

முதல் பன்னிரண்டு வருஷம் அந்த மீன்கள் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாயத்தண்ணீர் பெரிய தொட்டிகளில் தங்கும். அழுக்கைத் தின்னும் கிருமிகள் மூச்சு விடுவதற்காக மோட்டார் ஓயாமல் காற்று ஊதும். வண்டல் அடியில் இறங்கி, தெளிந்தது வெளியே வரும். ஒரு ஆரஞ்சு மீன் நாலு வருஷம் இருந்தது. மதியச் சாப்பாட்டை அதன் எதிரில் உட்கார்ந்துதான் பிரிப்பார். "வீட்டுல என்கூட உக்காந்து சாப்பிட நேரமில்ல, மீனு கூட மட்டும் விருந்து" என்று மனைவி இடித்துக் காட்டுவாள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

பிறகு ஆர்டர் குறைந்தது. வேறு ஆலைகள் இன்னும் மலிவாகச் சாயம் போட்டுக் கொடுத்தன. மேனேஜர் வந்து கரண்ட் செலவைப் பற்றிப் பேசினார். "காத்து மோட்டார பகல்ல மட்டும் ஓட்டுங்க" என்றார். அடுத்த வருஷம், "ஒரு வேளை ஓட்டினா போதும்" என்றார். அதற்கடுத்த வருஷம் தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வரும் நாளில் மட்டும் ஓட்டினார்கள். மீன்காரர் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தார்.

"நானூறு பேர் வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

அந்த நானூறில் இவருடைய தங்கை புருஷனும் ஒருத்தர். நல்ல மனுஷர்களின் வாயை அடைக்க இதைவிடக் கச்சிதமான கேள்வி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். ஆலை மிச்சம் பிடித்த கரண்ட் செலவை யாரோ ஒருத்தர் எங்கேயோ ஏற்கத்தான் போகிறார் என்பது அவருக்கும் தெரியும். யார் என்று யோசிக்காமல் பார்த்துக்கொண்டார்.

மீன்கள் செத்து மிதந்தன. செத்ததை அள்ளிப் போட்டுவிட்டு, திங்கட்கிழமைதோறும் கடையில் புதிதாக மூன்று வாங்கி விடுவது என்று ஏற்பாடாயிற்று. திங்கள் விட்டது வியாழன் வரை தாக்குப்பிடிக்கும்.

"அண்ணே, நீங்க மீன் வளர்க்கிறீங்களா, வறுக்கிறீங்களா?" என்று கேட்டார் மீன் கடைக்காரர். இவரும் சிரித்துவைத்தார். அதன்பிறகு தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

ஓடை, தங்கை குடியிருந்த தெருவை ஒட்டிப் போனது. தெருக்கோடியில் பொதுக் கிணறு. கொஞ்ச நாளில் அந்தத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தண்ணி லாரியை வரவழைத்தார்கள். பங்கு போட முடியாதவர்களின் குடத்தை வரிசையிலிருந்து தள்ளி வைத்தார்கள். அவசரத்துக்குக் குழம்பு கடன் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டன. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், புருஷன் இல்லை. அவள் குடம்தான் முதலில் தள்ளப்பட்டது.

தங்கைக்கு அது பொறுக்கவில்லை. தெருவையே திரட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தாள். மேனேஜர் தேன் ஒழுகப் பேசி, திங்கட்கிழமையாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தார். எல்லோரும் தொட்டியைச் சூழ்ந்துகொண்டு பார்த்தார்கள். மூன்று மீன்களும் துள்ளிக்கொண்டிருந்தன.

"எங்கண்ணன் இங்கதான் வேல பாக்குது. அது சொல்லட்டும்" என்றாள் தங்கை. "அண்ணே, இது நம்ம ஓடைக்கு வர்ற தண்ணிதானா?"

"ஆமா."

"மீனு இதுலதான் இருக்குதா?"

"பாக்குறியே, இருக்குதே."

இரண்டு பதிலும் சொல்லுக்குச் சொல் உண்மை. அதுதான் அவரை அதிகம் அரித்தது. கிணற்றில்தான் ஏதோ கோளாறு என்று தெருக்காரர்கள் முடிவு கட்டி, இறைத்துத் தூர்வாரினார்கள். லாரியை நிறுத்தினார்கள். வீடுகள் மறுபடி பேசிக்கொண்டன.

வியாழக்கிழமை மூன்று மீன்களையும் அள்ளிப் போட்ட கையோடு, வேலை முடிந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை மகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவர் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

தங்கை, மகன் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள்.

"வெளிய தெரிஞ்சா என்னாகும்ணே?"

"ஆலைய மூடுவாங்க."

"எங்க வீட்டுக்காரரு வேல?"

"என் வேலையும்தான்."

அவள் டம்ளரைக் கழுவினாள். ஒருமுறை கழுவியதை மறுபடி கழுவினாள். "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் கடைசியில். "எங்களுக்கு மட்டும் எங்கயாவது நல்ல தண்ணி பாத்துக் குடு."

"தெருவுல மத்தவங்க?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. இனி தனியாகச் சுமக்க வேண்டாம் என்று அவருக்கு நெஞ்சு லேசானது. லேசானதை நினைத்துக் கூசியது.

அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் சைக்கிளில் ஒரு கேன் தண்ணீரைச் சாக்கில் சுற்றி, பின்சந்து வழியாகத் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். ஒருநாள் பின்சந்தில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கிணற்றடி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. தையல்காரம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செம்போடு இரட்டையரில் ஒருத்தி, முழங்கையெல்லாம் சொறிந்த தழும்பு.

"உங்களத்தாண்ணே நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "லாரிக்குக் குடுக்க வழியில்லாம தவிச்சேன். அன்னைக்கு நீங்க ஒரு வார்த்த சொன்னதுல தெருவே மறுபடி ஒண்ணாச்சு. நீங்க நல்லா இருக்கணும்."

அவர் ஒரு காலை ஊன்றி நின்றார். சாக்குக்குள் கேன் தளும்பியது.

"வேர்த்துக் கொட்டுது பாருங்க. பாப்பா, மாமாவுக்குத் தண்ணி குடு."

பெண் செம்பை இரண்டு கையாலும் நீட்டியது.

"வேணாம்மா. இப்பத்தான் குடிச்சேன்" என்றார் மீன்காரர்.

நீட்டிய செம்பை அந்தப் பிள்ளை தன் வாயிலேயே வைத்துக்கொண்டது. கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.