செல்லையாவிடம் நான் சொல்லாத பாதி

செல்லையாவின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக மறைத்து வைத்திருக்கிறேன்.

இலங்கையில் எங்கள் யட்டியாந்தோட்டைக்கு வந்து என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், இது கிடைக்காது. தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்தவன், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், சொந்தமாய் இறப்பர்க் காணி வாங்கினான், ரோலர் மெஷின் போட்டான், புகைவீடு கட்டினான், லொறி ஓட்டினான் என்பார்கள். இனக் கலவரத்தில் என் கடையைக் கொளுத்தினார்கள். அதே இடத்தில் மாடியோடு கட்டினேன். அத்தனையும் நிஜம். ஒரு கல்லைக்கூட எவன் தயவிலும் வைக்கவில்லை!

செல்லையா என் தங்கச்சி பாக்கியத்தின் புருஷன். புகைவீட்டு நெருப்பு அவன் பொறுப்பு. உறைந்த இறப்பர்ப் பாலைத் தகடாக அழுத்தி, உள்ளே கம்புகளில் தொங்கவிட்டு, நாள்கணக்கில் புகை போட வேண்டும். நெருப்பு கூடினால் தகடு கொப்புளிக்கும்; குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவன் பேச்சை நெருப்பு கேட்கும். அடுப்பு வாயிலேயே பீடி பற்ற வைப்பான், ஒன்று அணைய ஒன்று.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அவன் இருமலில் இரத்தம் கலந்து வந்தது. முனியாண்டிக்குக் கடா நேர்ந்துவிட்டு, நான்தான் அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மூச்சுக்குழாயைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து துளிச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு கேட்கப் போன அன்று அவன் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போய் கேட்டுட்டு வாங்க மச்சான். எனக்கு பயமா இருக்கு. ஒங்களுக்குத்தான் சிங்களம் தண்ணி மாதிரி வருமே."

வருமே! அதில் எனக்கு எவ்வளவு பெருமை...

டாக்டர் நிதானமாகச் சொன்னார். புற்றுநோய் இல்லை. ஆனால் மூச்சுக்குழாயின் உள்தோல் மாறத் தொடங்கியிருக்கிறது. நாளைக்குப் புற்றாகக்கூடிய மாற்றம் அது. சிலருக்குத் தானாகவே ஆறிவிடும். சிலருக்கு அப்படியே கிடக்கும். சிலருக்கு முற்றி நுரையீரல் புற்றாகிவிடும். யாருக்கு எது என்று இப்போது சொல்ல முடியாது. பீடியை இன்றோடு விட வேண்டும். ஆளைப் புகையிலிருந்து எடுக்க வேண்டும். சில மாதத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், கட்டாயம்.

எல்லாம் விளங்கியது எனக்கு. ஒரு சொல் தப்பவில்லை.

வெளியே வந்தேன். அவன் எழுந்து நின்றான்.

"கேன்சர் இல்ல மாப்ள! நான் கூட்டிட்டு வந்தும் அது இருக்குமா?"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். பொய்யா சொன்னேன்? உண்மைதான் சொன்னேன்... பாதி உண்மை. மீதியை பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வீட்டில் சொல்லலாம் என்றால், வாசலில் லயமே கூடி நின்றது.

அந்த வாரமே கடா வெட்டினேன். தப்பு மேளம் முழங்கியது, ஊர் முழுக்கச் சோறு. முனியாண்டி முன்னால் நின்று நானே உரக்கச் சொன்னேன், என் தங்கச்சி புருஷனுக்கு நோய் இல்லையென்று. நேர்த்திக்கடன் தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? கடாவைக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போனால் சாமியைச் சந்தேகப்பட்டதாகும். கொடுத்த சுகத்தைச் சாமி திருப்பி வாங்கிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

சாமிக்கா பயந்தேன்? ஊர் சிரிக்கும் என்றா? இல்லை... அவன் போனால் புகைவீட்டு நெருப்புக்கு ஆள் இல்லை என்றா? கிண்டிக் கிண்டிப் பார்க்கிறேன். மூன்றும் ஒன்றாய்த்தான் கிடக்கின்றன.

பிறகு ஒரு நாள், என் கண் முன்னாலேயே பாக்கியம் அவனை ஏசிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பீடிய விட்டுத் தொலைங்களேன்!"

"முனியாண்டியே சுருட்டுக் குடிக்கிறாரு. எனக்கு ஒரு பீடிக்கு வழியில்லையா?" என்று அவன் சிரித்தான். "கொழும்பு டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரு. ஒங்க அண்ணன்கிட்டயே கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்படியாண்ணே? பீடியப் பத்தி டாக்டரு ஒண்ணுமே சொல்லலியா?"

"சொல்லியிருந்தா ஒங்கிட்ட சொல்லாமலா இருப்பேன்?" என்றேன்.

கேட்டீர்களா! முதல் நாள் வாய் வரவில்லை என்று வாதாடலாம். இதற்கு என்ன வாதம்?

வருடங்கள் போயின. இருமல் கனத்தது. குரல் கம்மியது. விலா எலும்பு எண்ணும்படி ஆனான். மறுபடி கொழும்பு. இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா. முன்பு எப்போதாவது உள்ளே பார்த்தார்களா என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறக்குமுன், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் செல்லையாவே முந்திக்கொண்டான்.

"பெலுவா நோனா, பிளிக்கா நே!"

பார்த்தாச்சு அம்மா, புற்று இல்லை... எவ்வளவு தைரியமாகச் சொன்னான்!

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திரும்ப வரச் சொன்னார்களா என்று கேட்டார்.

"நே," என்றேன்.

புற்று இரண்டு நுரையீரலிலும் பரவியிருந்தது. அடுத்த மழைக்கு அவன் இல்லை.

சாவு வீட்டில் சிலர் பீடி என்றார்கள், சிலர் புகை என்றார்கள், பூசாரி விதி என்றார். பாக்கியமோ, "எங்கண்ணன் இல்லாட்டி நீ அன்னைக்கே போயிருப்பியே ராசா" என்று மாரடித்து அழுதாள். ஒப்பாரியில் எனக்குப் புகழ்!

மறுபடி பார்த்திருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. பீடியை விட்டிருந்தால் ஆறியிருக்கலாம். விட்டும் முற்றியிருக்கலாம். அந்தத் தெரியாததுதான் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. புகைவீட்டை எப்போதோ பூட்டிவிட்டேன். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே இருமுகிறான்... நின்று கேட்டால் நிறுத்திக்கொள்கிறான்.

வருடா வருடம் தெவசத்துக்குப் பாக்கியம் முதல் இலையை எனக்குத்தான் போடுகிறாள். சாப்பிடுகிறேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். பீடிக்கு ஒரு பங்கு, புகைக்கு ஒரு பங்கு, விதிக்கு ஒரு பங்கு என்று ஊர் பிரித்துக்கொண்டதே, அந்தக் கணக்கைக் கலைத்துப் போடுங்கள். செல்லையாவின் சாவில் பெரிய பங்கு என்னுடையது. அதை ஒரு பீடிக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்!