பத்து வருஷ சிஸ்டர்ஸ் குரூப்பில் தனசிங் சார்

செம்பாக்கம் ஏரிப் பக்கம் குடியிருக்கும் தனசிங் சாருக்கு அபிப்பிராயம் சொல்லாவிட்டால் சோறு செரிக்காது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் இருந்தவரை அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்றதும் அந்தக் காதுகள் போய்விட்டன. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தினமும் எழுதினார். ஒரு நாள் பார்த்தால், இனிமேல் அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று பூட்டிவிட்டார்கள். சர்ச் சபையின் குரூப்பில், பாடகர் குழு எந்த வேகத்தில் பாட வேண்டும் என்று எழுதினார். அங்கேயும் அதே பூட்டு. ஒற்றை ஆளாக நின்று இரண்டு குரூப்பைப் பூட்ட வைத்த பெருமை தாம்பரம் வட்டாரத்தில் வேறு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் இது அவர் கதை இல்லை. அவர் கதை என்று சொல்லிவிட்டால் இதற்கும் ஒரு அபிப்பிராயம் எழுதி அனுப்பிவிடுவார். இது அவர் மனைவி ரத்தினபாயின் கதை.

ரத்தினபாய் நாகர்கோவில் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்தவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ். கூட வேலை செய்கிற பெண்களுக்கு ரத்தினாக்கா. குரல் உயராது. ஆனால் அந்தக் குரல் கேட்டால் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கும் செருப்புகூட நேராகிவிடும் என்று வார்டில் சொல்வார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்து வெளியூருக்கு அனுப்பினதும், வீட்டுக் கடனை அடைத்ததும், கால் நரம்பு முறுக்கிக்கொண்டதும் எல்லாம் இந்த வேலையில்தான்.

அவரும், அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஹேமாவதியும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'பத்து வருஷ சிஸ்டர்ஸ்' வாட்ஸப் குரூப். வார்டில் பத்து வருஷமாவது நின்றவர்களுக்கு மட்டும் இடம். காரணம் இருந்தது. விடியற்காலையில் கண் முன்னால் ஒரு உயிர் போனதை வீட்டில் வந்து சொன்னால், "சரி, குளிச்சிட்டு வா" என்பார்கள். கை நடுங்கி ஊசியைத் தவறவிட்டதை மேட்ரனிடம் சொல்ல முடியாது. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் 'உனக்கு மூளை இருக்கா' என்று கேட்டதை யாரிடம் சொல்வது? அங்கே சொன்னார்கள். அங்கே ஒருத்தி அழுதால் மற்றவள் ஆறுதல் சொல்ல மாட்டாள். 'எனக்கும் இப்படி ஆச்சுடி' என்பாள். அதுதான் வேண்டியிருந்தது.

அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? யார் யாரிடமோ லிங்க் வாங்கிக்கொண்டு எறும்பு மாதிரி வந்து மொய்த்தார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பயிற்சி தரும் சென்டர்காரர் ஒருவர், நர்ஸுகள் ஏன் முன்னேறுவதில்லை என்று விளக்கினார். மஞ்சள் காமாலை வந்து சில நாள் அட்மிட் ஆன ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், தான் படுத்திருந்த அனுபவத்தை வைத்து வார்டை எப்படி நடத்துவது என்று பாடம் எடுத்தார். தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கும் ஒரு அம்மா, நின்றபடியே தியானம் செய்தால் கால் வலிக்காது என்றார். இவர்களில் ஒருவர்கூட ஒரு தரம் பெட்பான் எடுத்ததில்லை. அதைப் பற்றியும் ஒருவருக்கு யோசனை இருந்தது.

ரத்தினபாய் இவர்களைத் தூக்கி எறிந்தது ஒரு ரசனையோடு. விசாரணை கிடையாது, விளக்கம் கிடையாது. சேர வருகிறவர்களுக்கு ஹேமாவதி ஒரு கேள்வி வைத்தாள்: ஓவர் எடுக்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைக் கை மாற்றி வாங்குவதை நர்ஸுகள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு ஆள் 'ஸ்கோர்' என்று பதில் அனுப்பினான். அன்று டீ நேரம் முழுக்க ரத்தினபாய் சிரித்தார்.

"வெளி ஆள் ஒருத்தன் உள்ள எழுதினாலும் அந்த நம்பர் போயிடணும் ஹேமா. யாரு, இன்னான்னு கேக்கவே கூடாது" என்றார். அதுவே குரூப்பின் சட்டமாகிவிட்டது.

வாசலை இப்படிக் காவல் காத்த அம்மாள் கொல்லைக் கதவை மறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் யாரோ வார்டில் வீடியோ எடுத்து வம்பாகிவிட்டதால் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. மற்றவர்கள் லாக்கரில் வைத்தார்கள். ரத்தினபாய் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். கேஸ் சிலிண்டர் அவர் நம்பரில்தான் பதிவாகியிருந்தது. சிலிண்டர் கொண்டுவருகிறவன் ஓ.டி.பி. கேட்பான். பேங்கிலிருந்து வரும், கூரியரிலிருந்து வரும். அதனால் ரத்தினபாய் ட்யூட்டியில் இருக்கும் நேரமெல்லாம் அவர் போன் செம்பாக்கத்தில், சாப்பாட்டு மேஜை மேல், தனசிங் சாரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இது அவர் வீட்டில் மட்டும் நடந்த தப்பு இல்லை. இந்தப் பக்கத்து நர்ஸுகளில் பாதிப் பேர் வீட்டில் இப்படித்தான்.

முதலில் படித்தார். பிறகு ஒரு காலை வணக்கம் போட்டார். யாரும் பூட்டவில்லை. 'ரத்தினாக்கா குட்மார்னிங்' என்று பதில் வேறு வந்தது. தனசிங் சாருக்கு நாக்கில் தேன் தடவியது போல் ஆகிவிட்டது. ஒருத்தி மாமியாரோடு தகராறு என்று எழுதினால் நீண்ட பதில் எழுதினார். ஒருத்தி ராத்திரி ட்யூட்டி முடியவில்லை என்றால் நேரத்தைத் திட்டமிடச் சொன்னார். எழுதி, வந்த நன்றியைப் படித்து அனுபவித்துவிட்டு, மனைவி வருவதற்குள் தன் எழுத்தையும் அதற்கு வந்த பதிலையும் அந்தப் போனிலிருந்து மட்டும் அழித்துவிடுவார். மற்றவர்கள் போனில் அது ரத்தினாக்காவின் வாக்காக அப்படியே இருக்கும். முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மூளை வேறு எதற்குப் பயன்படும்?

இப்படி இருக்கையில்தான் கனகவல்லி அடி வாங்கினாள்.

கனகவல்லி பீர்க்கன்கரணைக்காரி. முதலில் ரத்தினபாயிடம்தான் வேலை பழகினாள். பிறகு பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறினாள். அங்கே ஒரு நோயாளியின் மச்சான், ட்ரிப்ஸ் தீர்ந்து போய் அஞ்சு நிமிஷம் ஆகிறது என்று கத்திக்கொண்டு வந்து, வார்டு நடுவில் அவள் கன்னத்தில் அறைந்தான். நிர்வாகம் அவளை அறைக்குள் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடும், சமாதானமாகப் போகிறேன் என்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றது. அவள் பாத்ரூமில் நின்று குரூப்பில் எழுதினாள். போலீசுக்குப் போகட்டுமா, கையெழுத்துப் போடட்டுமா? கடைசி வரியில், 'ரத்தினாக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க சொல்ற மாதிரி செய்யறேன்.'

பகல் ட்யூட்டி நேரம். பாதிப் பேரின் போன் லாக்கரில். ஓரிருவர் 'போடாதே' என்று எழுதினார்கள். ரத்தினாக்காவின் போன் மட்டும் சாப்பாட்டு மேஜையில் தயாராக இருந்தது.

தனசிங் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய கேள்வி சூப்பரிண்டெண்டாக இருந்தபோதுகூட அவரிடம் வந்ததில்லை. 'அன்புச் சகோதரி, நோயாளியின் உறவினர் மன வேதனையில் இருப்பார். நம் வார்த்தையில் ஏதேனும் கடுமை இருந்ததா என்று முதலில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது வேலை அல்ல, தொண்டு. பொறுமையாகப் போவதே நமக்கு அழகு. போலீஸ், கேஸ் என்று போனால் குடும்பப் பெண்ணுக்கு நிம்மதி போகும். கையெழுத்திட்டு விடுங்கள்.' படித்துப் பார்த்தார். ஒரு கமா சேர்த்தார். அனுப்பினார். மனைவி வருவதற்குள் கனகவல்லியின் கேள்வி உட்பட எல்லாவற்றையும் அந்தப் போனிலிருந்து அழித்தும்விட்டார்.

கனகவல்லி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் ஹேமாவதி ரத்தினபாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு, "நீங்களே அப்படி எழுதுவீங்கன்னு நெனக்கலக்கா" என்று லாக்கரிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். ரத்தினபாய் இரண்டு வரி படித்தார். 'அன்புச் சகோதரி' என்று எழுதுகிற ஆள் யார் என்று அவருக்கு இன்னொரு வரி தேவைப்படவில்லை.

வீட்டில் தனசிங் சார் டி.வி. விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டு உடைந்ததில் வெட்கப்படுவார் என்று நினைத்தால் அதுதான் இல்லை.

"நான் தப்பா என்ன எழுதிட்டேன்? முப்பது வருஷமா ஒரு நர்ஸோட குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா?"

"முப்பது வருஷமா பீச் ஸ்டேஷன் வரைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல போனீங்களே, ஓட்டிடுவீங்களா?" என்றார் ரத்தினபாய்.

பிறகு போனை எடுத்துக் குரூப்பில் எழுதினார். 'கனகவல்லிக்கு வந்த பதில் நான் எழுதினது இல்லை. என் வீட்டுக்காரர் எழுதினது. நம்ம சட்டப்படி இந்த நம்பர் போகுது.' அனுப்பிவிட்டு, தானே வெளியேறினார். வேகமாக, கம்பீரமாகத்தான் செய்தார். செய்து முடித்ததும் நெஞ்சில் ஒரு திருப்திகூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கணவனை ஸ்கூட்டர் எடுக்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து, பீர்க்கன்கரணைக்கு விடச் சொன்னார். கனகவல்லி லீவில் இருந்தாள். கன்னத்து வீக்கம் வற்றியிருந்தது. காதில் மட்டும் ஞொய்யென்று ஒரு சத்தம் நிற்கவில்லை என்றாள். இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டாள்.

"சொல்லுங்க" என்றார் ரத்தினபாய், கணவனைப் பார்த்து.

"அதை எழுதினது நான்தாம்மா. மன்னிச்சிடு. ஆனா அதுல நான் சொல்ல வந்த கருத்து என்னன்னா..."

"கருத்து வேணாம்."

கனகவல்லி அவரைப் பார்த்தாள். "நீங்க எழுதினதுன்னு எனக்குத் தோணவே இல்ல சார். ஒரு செகண்டுகூட." தன் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தனசிங் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை என்ன செய்வது.

"நான்தான் குரூப்லயே எழுதிட்டேனே, அது நான் இல்லன்னு" என்றார் ரத்தினபாய்.

"பாத்தேன்கா. நீங்க எழுதலன்னு எழுதியிருந்தீங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்கன்னு எழுதலையே. எழுதுவீங்கன்னு போனையே பாத்துகினு இருந்தேன். அதுக்குள்ள வெளிய போயிட்டீங்க."

ரத்தினபாய் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"பரவால்லக்கா. உங்க பதில் எனக்குத் தெரியும். அதனாலதான் சந்தேகமே வரல." கனகவல்லி கோபமாகச் சொல்லவில்லை. "நான் உங்ககிட்ட சேந்த புதுசு. ஒரு அம்மாவோட புள்ள, கஞ்சி ஆறிடுச்சுன்னு கிண்ணத்தோட என் மூஞ்சில வீசினான். ஸ்டோர் ரூம்ல போய் அழுதுகினு இருந்தேன். நீங்க வந்தீங்க. மூஞ்சியக் கழுவிட்டு வா, எட்டாம் பெட்டுக்கு ஊசி நேரமாச்சு, இந்த வேலைல பொறுத்துத்தான் போகணும்னு சொன்னீங்க. அவனை ஒரு வார்த்த கேக்கல. சார் எழுதினதப் படிச்சப்போ அதேதான் திரும்பக் கேட்டுது. கொஞ்சம் நீட்டமா இருந்துது, அவ்ளோதான்."

ரத்தினபாய்க்கு எட்டாம் பெட் ஞாபகம் இருந்தது. ஊசி ஞாபகம் இருந்தது. இவள் முகத்தில் கஞ்சி வழிந்ததும் இருந்தது. கூசிப் போனார். எத்தனை பேரை எகத்தாளமாக வெளியே தள்ளியிருப்பார். ஒன்றும் தெரியாத இந்த மனுஷன் உளறினதும், எல்லாம் தெரிந்த தான் சொன்னதும் ஒன்றாக இருந்தால், பத்து வருஷம் என்ன, முப்பது வருஷம் என்ன? கணவன் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றார். "கெளம்பு. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"கையெழுத்து போட்டதுக்கப்புறம் கம்ப்ளெயிண்ட் எடுப்பாங்களாங்கறது ஒரு கேள்வி" என்றார் தனசிங் சார். "என் அபிப்பிராயம்..."

இரண்டு பெண்களும் அவர் பக்கம் திரும்பவில்லை. கனகவல்லி ரத்தினபாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நீங்க சொல்றதுதானேக்கா?"

"நான்தான் சொல்றேன்."

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. இருந்தார். கனகவல்லி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், சமாதானக் கடிதம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"படிச்ச பொண்ணுதானே, பத்து வருஷத்துக்கு மேல சர்வீஸ் வேற. அடிச்சவனோட சமாதானம்னு ஏம்மா கையெழுத்து போட்டே? யாராவது போடச் சொன்னாங்களா?"

கனகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். சுவரோரம் நின்ற தனசிங் சாருக்கு வேர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் அபிப்பிராயம் தன்னுடையது என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று அவருக்கு இருந்தது. தப்பை ஒத்துக்கொள்ள வாயைத் திறந்தாரா, மறுக்கத் திறந்தாரா என்று தெரியாது.

"நான்தான் போடச் சொன்னேன் மேடம்" என்றார் ரத்தினபாய்.

"நீங்க யாரு?"

"அவளோட சீனியர்."

எஸ்.ஐ. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேர் என்ன என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.