நான் ஊமையாக்கிய பொம்மை

சிட்னியில் இருபது வருடம் தச்சுவேலை செய்தவன் நான். அங்கே பென்டில் ஹில்லில் எங்கட ஆட்கள் பலர் வீட்டில் நான் செய்த அலுமாரிதான் நிற்கிறது. அந்த மமதைதான் என்னைக் கெடுத்தது.

ஒரு மரவேலைக் கண்காட்சியில், ஜப்பானில் இருந்து வந்த பொம்மைக் கலைஞருக்கு உதவியாக நின்றேன். அவர் கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு, தலை வேறு உடல் வேறாகக் கடைந்து பொருத்துவார். முடித்துவைத்த பொம்மையின் தலையைத் திருப்பினேன். கீச்சென்றது. பொருத்துச் சரியில்லை என்று நினைத்து, அவர் சாப்பிடப் போன நேரம் கழுத்து இடுக்கில் பசை விட்டேன்.

திரும்பி வந்தவர் தலையைத் திருப்பினார். அசையவில்லை.

"நான்தான் இறுக்கினனான்" என்றேன் பெருமையாக.

மொழிபெயர்க்க வந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் பதறினாள். "ஐயோ அங்கிள், குழந்தை அழுற மாதிரி அந்தச் சத்தம் வரணும்னுதான் செய்றாங்க!"

கலைஞரோ கோபிக்காமல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வேறொரு பொம்மையை எடுத்து, உடலின் துளையைவிடச் சற்றே தடித்த கழுத்தை, சுழலும் உடலில் வைத்து அழுத்தினார். மரம் சூடேறி மணத்தது. டக்கென்று கழுத்து உள்ளே இறங்கியது. ஆணியில்லை, பசையில்லை. இழுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை. திருப்பினேன், அழுதது.

அதை எனக்கே தர நீட்டினார். நான் பசை போட்ட பொம்மையைத்தான் கேட்டு வாங்கினேன்.

பிறர் வேலையைத் திருத்தக் கை துறுதுறுக்கும்போதெல்லாம் அதன் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். அது இன்னும் வாய் திறக்கவில்லை.